பாத்ரூமில் ஏன் ஒரு தட்டு இல்லை?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, திருத்தியிருக்கிறேன்.)

இன்னைக்கு ராஜா கிடையாது, போர் கிடையாது, கல்வெட்டும் கிடையாது. பாத்ரூம்தான் விஷயம். இன்னும் சரியாகச் சொன்னால், பாத்ரூமில் ஒரு சோப்பு வைக்கக்கூட ஒழுங்கான இடம் இல்லை என்கிற விஷயம்.

நானும் மனைவியும் இருப்பது சென்னையில் ஒரு வாடகை ஃபிளாட். பாத்ரூம் நாலடிக்கு ஏழடி. ஷாம்பு பாட்டில் ஃப்ளஷ் டேங்க் மூடி மேல இருக்கும். ஃபேஸ்வாஷ் ஜன்னல் விளிம்பில். சோப்பு, குழாய்க்குப் பின்னாடி இருக்கிற இடுக்கில். நாலு வருஷமா இப்படித்தான் ஓடிச்சு, எங்களுக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியலை. உங்க வீட்டிலும் ஏறக்குறைய இதுதான் நிலைமையாக இருக்கும்.

போன வருஷம் ஆச்சி எங்களோட தங்க வந்தாங்க. அம்மாவைப் பெத்த ஆச்சி. வயசு எண்பதைத் தாண்டியாச்சு. திருநெல்வேலியில் கீழே விழுந்து கால் எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, நடக்க ஆரம்பித்திருந்த நேரம். வந்த மறுநாள் காலையில் பார்க்கிறேன். ஒரு கையில் வாக்கர், இன்னொரு கையில் துண்டு, சோப்பு டப்பா, தேங்காய் எண்ணெய் பாட்டில். எல்லாவற்றையும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போறாங்க. குளித்து முடித்து, ஈரக்காலோடு, அதே மாதிரி எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கிட்டு வர்றாங்க.

"ஆச்சி, இதெல்லாம் உள்ளேயே வச்சிருங்களேன்" என்றேன்.

"எனக்கு எதுக்குய்யா தனி இடம்? கையோட கொண்டு போறேன், கையோட கொண்டு வந்துருதேன்."

அந்தப் பதிலைக் கேட்டதும் முதலில் பயம்தான் வந்தது. இன்னொரு தடவை விழுந்தா என்ன ஆகும்? அப்புறம் ஒரு கேள்வி. ஆச்சி ஏன் அப்படிச் சொன்னாங்க? அதைத் தேடிப் போனதுதான் இந்த எபிசோட்.

ஆச்சி சின்னப் பெண்ணாக இருந்தபோது குளித்தது தாமிரபரணியில், குறுக்குத்துறைப் படித்துறையில். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக் கிணற்றடியில். பாத்ரூம் என்று நாலு சுவருக்குள் குளிக்க ஆரம்பித்தது நாற்பது வயதுக்கு மேலேதான். இது ஏதோ ஒரு வீட்டுக் கதை இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். இந்தியா முழுவதும் கூரையோடு கூடிய குளியலறை இருந்தது 42 சதவீதக் குடும்பங்களுக்குத்தான். இன்னொரு 16 சதவீதத்துக்குக் கூரையில்லாத மறைப்பு. மீதிப் பேருக்கு வீட்டு வளாகத்துக்குள் குளிக்கவென்று ஓர் இடமே இல்லை. 2011! அப்போது நம்மில் பல பேர் கையில் செல்போன் இருந்தது.

ஆற்றில் குளிக்கிறவர் அங்கே எதையும் வைத்துவிட்டு வர முடியாது. கிணற்றடியும் அப்படித்தான். வெயில், மழை, காக்கா, நாய். அதனால் குளிக்கத் தேவையானது எல்லாம் ஆளோடு போகும், ஆளோடு வரும். நம்ம வேலையில் 'ஸ்டேட்லெஸ்' என்று ஒரு சொல் உண்டு. சர்வர் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு ரெக்வெஸ்டும் தனக்கு வேண்டிய தகவலைத் தானே சுமந்துகொண்டு வர வேண்டும். தமிழ்நாட்டில் குளிக்கிற இடம் ரொம்ப காலம் அப்படித்தான் இருந்திருக்கிறது. ஆச்சி சுமந்துகொண்டு போனது அந்தப் பழக்கத்தைத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. அன்றைக்குக் குளிக்கப் பயன்பட்ட பொருட்கள் என்னென்ன? சீயக்காய்த் தூள், அரப்பு, பயத்தம் மாவு, மஞ்சள், பல்லுக்குப் பல்பொடி. எல்லாமே பொடி. பொடிக்கு எதிரி ஈரம். ஈரமான இடத்தில் வைத்தால் நாலு நாளில் கட்டி தட்டும், பூச்சி வைக்கும். அதனால் அதன் இடம் சமையலறை அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில். குளிக்கப் போகும்போது ஒரு கிண்ணத்தில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் போட்டுக் குழைத்துக்கொள்வார்கள். கிண்ணம் காலியானதும் கதை முடிந்தது. மிச்சம் இல்லை என்றால் வைக்க இடமும் தேவையில்லை.

ஆண்கள் சவரத்துக்கும் இதே கதைதான். முடிதிருத்துபவர் தன் கத்தி, கல், கிண்ணம் எல்லாவற்றையும் 'அடைப்பம்' என்கிற பையில் வைத்துக்கொண்டு வருவார். திண்ணையிலோ மரத்தடியிலோ வேலை முடியும். கருவிகள் அவரோடு போய்விடும்.

அப்போ வீட்டில் பொருள் வைக்க இடமே இல்லையா? இருந்தது. நம்ம ஆட்கள் அதில் கெட்டிக்காரர்கள். கூரை வீட்டில் எரவாணம். கூரை தாழ்ந்து வந்து சுவரைத் தாண்டி நீளும் இடம். அந்த ஓலைக்குள் அரிவாள், பேனாக்கத்தி, வேப்பங்குச்சி, வந்த கடிதம் எல்லாம் செருகி வைக்கலாம். காரை வீட்டில் மாடக்குழி. சுவருக்குள்ளேயே குடைந்து விட்ட சின்னக் குழி. விளக்கு வைக்க, திருநீறு வைக்க, சாவி வைக்க. உத்திரத்திலிருந்து தொங்கும் உறி. தலைக்கு மேல் பரண். துணிக்குக் கொடி. இவற்றில் பெரும்பாலானவை தரையில் ஓர் அங்குலத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்றைக்கு 'சின்ன பாத்ரூமுக்குப் பத்து ஐடியா' என்று வருகிற வீடியோக்கள் சொல்வதும் இதைத்தான். சுவரைப் பயன்படுத்து, மேலே தொங்கவிடு, தரையை விட்டுவிடு.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. எல்லார் பொருளுக்கும் இப்படி வெளிப்படையான இடம் இருக்கவில்லை. மாதவிலக்குத் துணியை எங்கே வைப்பது? துவைத்து, வேறு துணிக்கு அடியில் காயப்போட்டு, யார் கண்ணுக்கும் படாத இருட்டு மூலையில் செருகி வைப்பார்கள். வெயில் படாத துணியால் வரும் நோய்கள் தனிக் கதை. 1998-இல் கோவை முருகானந்தம் தன் மனைவி எதையோ மறைத்து எடுத்துப் போவதைப் பார்த்துக் கேள்வி கேட்டார். மலிவு விலை நாப்கின் இயந்திரத்தின் தொடக்கம் அதுதான். ஒரு வீட்டில் யாருடைய பொருளுக்குத் தட்டு உண்டு, யாருடைய பொருள் ஒளிந்து கிடக்கிறது என்று பார்த்தால் அந்த வீட்டின் கணக்கு புரிந்துவிடும்.

சரி, பொருட்கள் எப்போது பாத்ரூமுக்குள் குடியேறின?

முதலில் வந்தது தண்ணீர். மதராஸ் நகரத்துக்குச் செங்குன்றம் ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது 1872-இல். ஆனால் குழாய் வந்தால் எப்போதும் தண்ணீர் வரும் என்று அர்த்தமில்லையே! அதனால் சென்னை பாத்ரூமில் முதலில் இடம் பிடித்தது அண்டா, தொட்டி, பிறகு நீல பிளாஸ்டிக் டிரம். 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு, சில ஓ.எம்.ஆர். கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னது நினைவிருக்கும். அந்த மாதம் எங்கள் பாத்ரூமில் நாங்கள் நின்று குளிக்க இடமில்லை. எல்லாம் குடம். சென்னையில் 'பாத்ரூம் ஸ்டோரேஜ்' என்ற சொல்லுக்கு முதல் அர்த்தம் தண்ணீர்தான்.

இரண்டாவது, சோப்பு. 1888-இல் சன்லைட் சோப்பு கல்கத்தா துறைமுகத்தில் இறங்கியது. 1916-இல் பெங்களூரில் மைசூர் அரசின் சோப்புத் தொழிற்சாலை. 1931-இல் நம்ம ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஹமாம். சோப்பு பொடி மாதிரி இல்லை. ஒரே நாளில் தீராது, நனைந்தே ஆக வேண்டும், ஆனால் நனைந்தபடியே கிடந்தால் கரைந்து கூழாகும். ஆக, அதற்குத் தண்ணீர் வடிகிற மாதிரி ஓர் இடம் வேண்டும். அதற்கு நாம் கண்ட விடை ஓட்டை போட்ட சோப்பு டப்பா. பாருங்கள், அப்போதும் நாம் சுவரில் தட்டு அடிக்கவில்லை. தூக்கிக்கொண்டு போகிற டப்பாவைத்தான் வாங்கினோம். பழைய பழக்கம் போகவில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொன்று நடந்தது. 1903-இல் ஜில்லெட் கம்பெனி கழற்றி மாட்டும் பிளேடு வைத்த சவரக் கத்தியை விற்க ஆரம்பித்தது. ஆண்கள் வீட்டிலேயே கண்ணாடி முன் நின்று சவரம் செய்யப் பழகினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் சுவருக்குள் பதித்த சின்ன அலமாரி அங்கே பாத்ரூமின் அடையாளமாகவே ஆனது. பல அலமாரிகளின் பின்பக்கத்தில் ஒரு மெல்லிய பிளவு இருக்கும். மழுங்கிய பிளேடை அதில் போட்டால் சுவருக்குள் விழுந்துவிடும். அங்கே சுவர் மரச்சட்டத்தால் ஆனது, உள்ளே வெற்றிடம். இன்றைக்கும் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் சுவரைப் பிரித்தால் துருப்பிடித்த பிளேடுகள் குவியலாகக் கொட்டுகின்றன. நம்ம செங்கல் சுவரில் அது நடக்காது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் உயரம். அந்த அலமாரி கண் உயரத்தில் இருப்பதற்குக் காரணம், அங்கே ஆள் நிற்கிறார். நம்ம ஊரில் குளிப்பது எப்படி? பக்கெட், மக், உட்கார்ந்து. கிணற்றடியில் துவைகல்லோ தொட்டி விளிம்போ இருக்கும். உட்கார்ந்தபடி கை எட்டுகிற உயரம். சோப்பை அங்கேதான் வைப்பார்கள். ஃபிளாட் கட்ட ஆரம்பித்தபோது நாம் எடுத்துக்கொண்டது கண்ணாடி அலமாரியின் உயரத்தை. குளிக்கிற முறையை வீட்டு வயசானவர்கள் மாற்றிக்கொள்ளவே இல்லை.

மூன்றாவதாக வந்தது ஷாம்பு. இதன் திருப்புமுனை நம்ம கடலூரில் நடந்தது. பாட்டில் ஷாம்பு பணக்காரர் பொருளாக இருந்த காலத்தில், சின்னிகிருஷ்ணன் என்பவர் சின்னச் சின்ன பாக்கெட்டில் போட்டு விற்கும் யோசனையைக் கொண்டுவந்தார். கூலி வேலை செய்கிறவரும் வாங்க முடிய வேண்டும் என்பது அவர் எண்ணம் என்று அவர் மகன் சி.கே. ரங்கநாதன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த மகன் 1983-இல் 15,000 ரூபாயோடு தொடங்கியதுதான் சிக் ஷாம்பு. பிற்பாடு ஐம்பது காசுக்கு ஒரு பாக்கெட் என்று கிராமம் கிராமமாகப் போனது.

சாஷே பாக்கெட்டை விலை மலிவு என்று மட்டும்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு அது கிண்ணத்துச் சீயக்காயின் வாரிசாகத் தெரிகிறது. ஒரு தலைக்கு ஒரு பாக்கெட். மிச்சம் இல்லை, வைக்க இடமும் வேண்டாம். அண்ணாச்சி கடையில் சரமாகத் தொங்குகிறதே, அதுதான் அந்த வீடுகளின் பாத்ரூம் அலமாரி. தட்டு இல்லாத வீட்டுக்குப் பொருத்தமான பொருள் அது. காலி பாக்கெட் போய் ஜல்லடையை அடைத்துக்கொள்வது அதற்கு நாம் கொடுத்த விலை.

அதன் பிறகு நம் தலைமுறை. ஆளுக்கொரு ஷாம்பு, கண்டிஷனர், பாடிவாஷ், ஃபேஸ்வாஷ். எல்லாம் திரவம், எல்லாம் பாட்டில். பாட்டிலுக்கு ஈரம் பயமில்லை, மாதக்கணக்கில் தீராது, கையில் தூக்கிப் போகவும் முடியாது. பொருட்கள் முதல் முறையாக பாத்ரூமிலேயே நிரந்தரமாகத் தங்கின. ஆனால் அதே நேரத்தில் சுவர் மெலிந்துவிட்டது.

பழைய காரை வீட்டுச் சுவர் ஒன்றரை அடி இருக்கும். மாடக்குழி குடைந்தாலும் சுவருக்கு ஒன்றும் ஆகாது. கான்கிரீட் தூண் வந்த பிறகு பாரத்தைத் தூண் தாங்கிக்கொள்ளும். வெளிச்சுவர் ஒன்பது இஞ்ச், உள்சுவர் நாலரை இஞ்ச் போதும். நாலரை இஞ்சில் எதைக் குடைவது? அதற்குள்ளேயே தண்ணீர்க் குழாயும் மறைந்து போகிறது. மேலே ஏழடி உயரத்துக்கு டைல்ஸ். ஆணி அடிக்க முடியாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்திருந்தால் குறைந்தது 2.8 சதுர மீட்டர், அகலம் 1.2 மீட்டர் வேண்டும் என்கிறது. கிட்டத்தட்ட முப்பது சதுர அடி. குறைந்தபட்சம் என்று எழுதியதைப் பல பில்டர்கள் அதுதான் அளவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். சோப்பை எங்கே வைப்பது என்பது பிளானில் வருவதே இல்லை. குடிவருகிறவர் பார்த்துக்கொள்வார். குடிவருகிறவரிடம் ஓனர் சொல்வார், "ஆணி மட்டும் அடிக்காதீங்க தம்பி."

எங்க வீட்டுக்கு வருவோம். ஓனருக்குப் பயந்து நான் முதலில் வாங்கியது ஆன்லைனில் கிடைக்கிற, உறிஞ்சி ஒட்டிக்கொள்கிற ரப்பர் கப் வைத்த தட்டு. மூணாவது நாள் நடுராத்திரி தடால் என்று சத்தம். எங்கள் போர்வெல் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி. டைல் மேல் வெள்ளையாகப் படிந்திருந்த உப்பில் கப் பிடிக்கவில்லை. பாட்டில் உடையாதது அதிர்ஷ்டம். ஆனால் விளக்கைப் போட்டுப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. கால் வழுக்கினால் மனுஷன் கைக்கு எட்டியதைத்தான் பிடிப்பான். ஆச்சி இதைப் பிடித்திருந்தால்?

மறுநாள் ஓனரிடம் பேசினேன். அவர் வந்தார், ஆச்சியைப் பார்த்தார், கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "எங்க அம்மாவும் பாத்ரூம்லதான் விழுந்தாங்க. அடிச்சுக்கோங்க. டைல் விரிசல் விடாம பாத்துக்கோங்க" என்றார். நாலு வருஷமாக நான் கேட்கவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

வேலை செய்தவர் அனுபவசாலி. வென்டிலேட்டர் இருக்கிற வெளிச்சுவரைத் தட்டிப் பார்த்து அதைத் தேர்ந்தெடுத்தார், அது ஒன்பது இஞ்ச். குழாய்க்கு நேர் மேலே கை வைக்கவே மாட்டேன் என்றார், உள்ளே பைப் ஏறும். டைல் மேல் டேப் ஒட்டி, ட்ரில்லில் ஹாமரை அணைத்துவிட்டு, டைல் பிட்டால் மெதுவாகத் துளைத்தார். ஓட்டைக்குள் தண்ணீர் போகாமல் சிலிக்கான் வைத்தார். முதலில் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டீல் கைப்பிடி. அது தனி. தட்டு எப்போதும் கைப்பிடி ஆகாது என்பதை நீங்களும் மனதில் வையுங்கள். பிறகு துளையுள்ள ஒரு ஸ்டீல் தட்டு.

தட்டை எந்த உயரத்தில் வைக்க என்று கேட்டார். நான் நெஞ்சு உயரத்தைக் காட்டினேன். ஆச்சி உள்ளே வந்து, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, கையை நீட்டிக் காட்டினாங்க. "இங்க வையிங்க. எங்க கெணத்தடித் தொட்டி இம்புட்டு ஒசரம்தான் இருக்கும்." அளந்து பார்த்தால் தரையிலிருந்து இரண்டேகால் அடி. எந்த வீடியோவிலும் அந்த அளவு இல்லை.

அதற்கப்புறமும் ஒரு வாரம் ஆச்சி சோப்பு டப்பாவைக் கையிலேயே கொண்டுபோய்க் கொண்டுவந்தாங்க. நான் ஒன்றும் சொல்லவில்லை. எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, காலையில் குளிக்கப் போகிறேன், டப்பா தட்டில் இருக்கிறது. பக்கத்தில் எண்ணெய் பாட்டில். ஆச்சி இந்த வீட்டில் தங்கிவிட்டாங்க என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

பல்பொடி மட்டும் இன்னும் அவங்க தலைமாட்டில்தான் இருக்கிறது. கேட்டால், "ஈரம் பட்டா கட்டியாயிரும்ய்யா" என்கிறாங்க. வாஸ்தவம்தானே.

உங்க வீட்டில் யாராவது இன்னும் சோப்பு டப்பாவைக் கையில் தூக்கிக்கொண்டு போகிறார்களா? இன்றைக்கு ஒருமுறை கவனித்துப் பாருங்கள். அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.